சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்ட எந்த விளக்கு வாங்கலாம்?

குழுவினருக்கு வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டையில் வெடித்த சிப்பாய்ப் புரட்சியை ஒரு காட்சியாக அமைக்கும் ஆசையில், 28 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய் உருவங்களுக்கு வண்ணம் தீட்டி வருகிறேன். பகலில் இந்த ஊர் வெயிலுக்கு ஜன்னலோரம் உட்கார முடியாது என்பதால், வேலையெல்லாம் இரவில், சுவரிலுள்ள ஒற்றை டியூப்லைட் வெளிச்சத்தில்தான் நடக்கிறது.

சிக்கல் சிவப்புச் சட்டையில்தான். இரவில் மடிப்புகளில் அடர்சிவப்பும் மேட்டில் இளஞ்சிவப்புமாகப் பிரித்துத் தீட்டியது, காலையில் வாசலில் வைத்துப் பார்த்தால் திட்டுத்திட்டாக, செங்கல் தூளைப் பூசியதுபோல் இருக்கிறது. போதாக்குறைக்கு, விளக்கு முதுகுப்பக்கம் இருப்பதால், பொத்தானில் புள்ளி வைக்கக் குனிந்தவுடன் என் தலையின் நிழலே தூரிகை நுனியை மறைத்துவிடுகிறது.

நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ 90க்கு மேல் இருக்க வேண்டும் என்று அறிவேன். ஆனால் அந்த எண் எட்டு வெளிர்நிறங்களின் சராசரி மட்டுமே. அடர்சிவப்பைக் குறிக்கும் ஆர்9 அதில் சேராது, பெட்டியிலும் பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. அதை அறிந்து வாங்கியவர்கள் யாரேனும் உண்டா? ஒளியின் மஞ்சள், நீலச் சாயலைக் குறிக்கும் நிறவெப்பநிலை 5000 கெல்வின் போதுமா, 6500 வேண்டுமா? இருபுறமும் இரண்டு மேசை விளக்குகள் வைப்பதா, நீளமான பட்டை விளக்கு ஒன்றே போதுமா? உருப்பெருக்கிக் கண்ணாடி பொருத்திய வளைய விளக்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஈர வண்ணத்தில் வட்டமாகப் பளபளத்துக் கண்ணைக் கூசச் செய்கிறது. என் பட்ஜெட் 2500 ரூபாய். வேலூரிலோ காட்பாடியிலோ நேரில் எரியவிட்டுப் பார்த்து வாங்கக்கூடிய கடை தெரிந்தாலும் தெரிவிக்க வேண்டுகிறேன்.