பீட்லாக் வீலில் காற்று நிற்கவில்லை, ஞாயிறுக்குள் வண்டி வேண்டும்

கோட்டையூர் ஜிப்ஸி, வியாழன் இரவு 9:40
அண்ணன்மாரே, அவசரம். வீட்டிலேயே பீட்லாக் செய்கிறேன், அதாவது டயரின் பீட்டை (ரிம்மில் உட்காரும் விளிம்பை) வளையம் வைத்து போல்ட்டால் பிடிக்கிற வீல். நாலில் இரண்டு முடிந்தது. ஒன்று கல்லு மாதிரி நிற்கிறது. இன்னொன்றில் காற்று நிற்கவே இல்லை, ராத்திரி அடித்தால் காலையில் தரையோடு உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டை எல்லாம் இன்னும் முறுக்கிப் பார்த்துவிட்டேன், சிலிக்கான்கூடத் தடவினேன். ஞாயிறு காலையில் கண்மாய்க்குள் இறங்க வேண்டும். என்ன செய்யலாம்?

பழைய தடம், இரவு 9:52
என்ன டயர்? காற்று எத்தனை பிஎஸ்ஐ? வளையம் எத்தனை மிமீ, எத்தனை போல்ட்? வெல்டிங் யார் செய்தது? இவ்வளவும் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. புதிதாக வருகிறவர்கள் எல்லாருக்கும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் பழைய இழைகளைப் படித்துவிட்டு வாருங்கள். பீட்லாக் முதல் வேலையாக எடுத்துச் செய்கிற வேலை இல்லை.

பைபாஸ் பஞ்சர்கடை, இரவு 10:05
தம்பி, குழம்பாதீங்க. டியூப் போட்டுவிடுங்க. லாரி ரிங் வீலுக்கு டியூப், பிளாப் (ரிம்முக்கும் டியூபுக்கும் நடுவில் வைக்கிற ரப்பர் பட்டை) போட்டுத்தானே காலம்காலமாக ஓட்டுகிறோம்? அதுவும் வளையம்தான், இதுவும் வளையம்தான்.

துவாக்குடி வெல்டர், இரவு 10:21
அண்ணே, லாரி லாக் ரிங் வேறு. அது ஒரு இடத்தில் வெட்டுவிட்ட வளையம். உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தம்தான் அதைப் பள்ளத்தில் பிடித்து வைக்கிறது. பீட்லாக்கில் வெளிப்பக்க பீட்டை இரண்டு வளையத்துக்கு நடுவில் வைத்து போல்ட்டால் நெரித்துப் பிடிக்கிறோம், காற்றே இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் கழலாது. டியூப் போட்டு 8 பிஎஸ்ஐயில் ஓட்டினால் உள்ளே மடிந்து, உராய்ந்து, சூடாகிக் கிழிந்துவிடும்.

ஜிப்ஸி தம்பி, சோப்புத் தண்ணீர் போட்டீர்களா? குமிழ் எங்கே வருகிறது?

லேத் செஞ்சை, இரவு 10:34
ஒன்று நிற்கிறது, ஒன்று நிற்கவில்லை என்கிறீர்கள். இரண்டுக்கும் செய்முறையில் என்ன வித்தியாசம்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கோட்டையூர் ஜிப்ஸி, இரவு 11:10
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதியது. வண்டி மாருதி ஜிப்ஸி, இரும்பு ரிம். டயர் 235/75 ஆர்15, மட் டயர். வளையங்கள் கோயம்புத்தூரில் லேசரில் வெட்டியது. ரிம்மோடு சேர்கிற வளையம் 8 மிமீ, வெளி வளையம் 6 மிமீ. 24 போல்ட், 8 மிமீ, 8.8 கிரேடு. முதல் வீல் காரைக்குடி பட்டறையில் வெல்டு வைத்தது. இரண்டாவதை நானே வளவுக்குப் பின்னால் கொட்டகையில் வைத்தேன், 6013 வெல்டிங் ராடு. குமிழ் நாளைக்குப் பார்க்கிறேன்.

துவாக்குடி வெல்டர், இரவு 11:18
சுற்றி ஒரே மூச்சில் வெல்டு ஓட்டினீர்களா?

கோட்டையூர் ஜிப்ஸி, இரவு 11:20
ஆமாம் அண்ணே. ராடு மாற்ற மட்டும் நிறுத்தினேன்.

தேவகோட்டை ரஸ்தா, வெள்ளி காலை 6:15
எனக்கு ஒரு சந்தேகம். நம்ம பக்கத்துக் கண்மாய்க்கு பீட்லாக் எதற்கு? என் ஜீப்பை சாதா ரிம்மிலேயே 18 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிறேன், இதுவரை ஒரு தடவைகூட பீட் கழன்றதில்லை.

பழைய தடம், காலை 6:40
18இல் அவ்வளவு எளிதில் கழலாது. 10க்குக் கீழே இறக்கி, சேற்றுத் தடத்தில் பக்கவாட்டில் உந்தும்போதுதான் வெளிப்பக்கம் கழலும். அனுபவம் இல்லாமல் கருத்துச் சொல்வதை நிறுத்துவது நல்லது.

தேவகோட்டை ரஸ்தா, காலை 6:52
அனுபவம் எனக்கும் இருக்கிறது. நம்ம கண்மாயில் மேலே காய்ந்த ஆடை, அடியில் பிசுபிசுவென்று களிமண். தேரி மணலில் காற்றை இறக்கினால் டயர் அகலமாகப் பரந்து மேலே மிதக்கும், ஒத்துக்கொள்கிறேன். களிமண்ணில் டயரின் பட்டை மண்ணை உதறித் தள்ளி அடியில் இருக்கிற கெட்டித் தரையைப் பிடிக்க வேண்டும். அதற்கு ரொம்ப இறக்குவது உதவாது. இதைப் பேசாமல் எல்லாரும் பீட்லாக், பீட்லாக் என்றால் இளவட்டங்கள் காசைத்தான் தொலைப்பார்கள்.

பழைய தடம், காலை 7:05
கண்மாய்க்குக் கண்மாய் மண் வேறு. பள்ளத்தூர் பக்கம் செம்மண்ணும் சரளையும், அங்கே இறக்கினால் பலன் உண்டு. மழை பெய்த மறுநாள் ஒரு கதை, பத்து நாள் கழித்து ஒரு கதை.

லேத் செஞ்சை, காலை 7:30
மண் விஷயத்துக்குத் தனி இழை திறங்கள். தம்பிக்கு ஞாயிறுக்கு வண்டி வேண்டும்.

கோட்டையூர் ஜிப்ஸி, காலை 10:48
பார்த்துவிட்டேன். இரண்டு இடம். ரிம்மும் வளையமும் சேர்கிற வெல்டில், பின்பக்கம், ஒரு சாண் நீளத்துக்குப் பொடிப்பொடியாக நுரை. அப்புறம் இரண்டு வளையத்துக்கும் நடுவில், வரிசையாக ஐந்து போல்ட் இருக்கிற பக்கம், பெரிய பெரிய குமிழ். டயரைக் கழற்றாமலே பின்பக்கத்தில் மட்டும் ஒரு டாக் (சின்னப் பொட்டு வெல்டு) வைத்துவிடலாமா? வால்வைப் பிடுங்கிவிட்டுத்தான் வைப்பேன்.

துவாக்குடி வெல்டர், காலை 10:51
தம்பி, வைக்காதீங்க. மெஷினை அணைத்துவிட்டு இதைப் படியுங்க.

டயர் மாட்டிய ரிம்மில் ஒரு சின்ன டாக்குகூட வைக்கக் கூடாது. வால்வு இல்லை, காற்று இல்லை என்பது காப்பாற்றாது. வெல்டு சூட்டில் உள்ளே ரப்பர் வெந்து எரிவாயு வரும். அது உள்ளே இருக்கிற காற்றோடு கலந்து பற்றினால், டயருக்குள் அழுத்தம் ஏறுகிற வேகத்துக்கு அந்த வால்வு ஓட்டை ஈடுகொடுக்காது. டயர் வெடித்து ரிம் பறக்கும். வெல்டு வைத்த உடனே வெடிக்காமல், கொஞ்ச நேரம் கழித்தும் வெடிக்கும். இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். முழுசாகக் கழற்றி, டயரை அந்தப் பக்கம் உருட்டிவிட்டு, அப்புறம் ராடைத் தொடுங்க.

படித்தேன் என்று ஒரு வரி போடுங்க.

கோட்டையூர் ஜிப்ஸி, காலை 10:58
படித்தேன் அண்ணே. அணைத்துவிட்டேன். டயரைக் கழற்றுகிறேன்.

துவாக்குடி வெல்டர், காலை 11:20
நல்லது. இப்போது வேலையைப் பேசலாம். உங்களுக்கு இரண்டு ஒழுக்கு. பின்பக்க நுரை என்றால் வெல்டுக்குள் ஊசித் துளை. கசடைத் தட்டாமல் அடுத்த ராடைத் தொடங்கிய இடமாக இருக்கும். மேலே மேலே வைத்துப் பூசாதீர்கள். கிரைண்டரில் அந்த ஒரு சாணையும் சுத்த இரும்பு தெரியும்வரை தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்க. சிலிக்கானையும் முழுக்கச் சுரண்டிவிடுங்க, அது இருந்தால் வெல்டு மறுபடி பொத்தல் விழும்.

வளையத்துக்கு நடுவில் வருகிற குமிழுக்கு வெல்டு நேரடிக் காரணம் இல்லை. அங்கே பீட் சரியாக நெரியவில்லை. ஒரே மூச்சில் ஓட்டியதால் வளையம் வளைந்திருக்கும். தட்டையான இடத்தில் கவிழ்த்துப் பாருங்க.

கோட்டையூர் ஜிப்ஸி, மதியம் 12:35
பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் தரையில் கவிழ்த்துப் பார்த்தேன். ஆடவில்லை.

லேத் செஞ்சை, மதியம் 12:50
ஆத்தங்குடிக் கல் கையால் வார்த்தது தம்பி, பதிக்கும்போதும் கல்லுக்குக் கல் நூலளவு ஏறி இறங்கும். அதில் அளவு பார்க்க முடியாது. அடுப்படியில் கிரானைட் மேடை இருந்தால் அதில் ஒரு துணி துடைப்புக்கு அப்புறம் கவிழ்த்து வையுங்கள். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) அடியில் சுற்றி விட்டுப் பாருங்கள். எத்தனை மிமீ நுழைகிறது, எந்த போல்ட் பக்கம் என்று சாக்பீஸில் குறித்துக்கொள்ளுங்கள்.

பைபாஸ் பஞ்சர்கடை, மதியம் 1:15
இன்னும் கொஞ்சம் முறுக்கினால் வளையம் தானாகப் படியாதா?

லேத் செஞ்சை, மதியம் 1:28
படியாது அண்ணே. 6 மிமீ வெளி வளையம்தான் கோணும், இல்லை போல்ட் இழுபடும். 8 மிமீ போல்ட்டுக்கு முறுக்கு அளவு (டார்க்) நான் 20 நியூட்டன் மீட்டருக்கு மேல் போவதில்லை. எதிரெதிராக, மூன்று சுற்றாக. முதல் சுற்று கையால், இரண்டாவது 10, மூன்றாவது 20. போல்ட் வட்டம் 420 மிமீ என்று வைத்தால் 24 போல்ட்டுக்கு 55 மிமீக்கு ஒன்று விழுகிறது, அது போதும். 16 போட்டிருந்தால் 82 மிமீ இடைவெளி, நடுவில் தொய்யும்.

கோட்டையூர் ஜிப்ஸி, மதியம் 2:40
ஆச்சி சமைத்து முடிக்கிற வரை காத்திருந்து மேடையில் வைத்தேன். நீங்கள் சொன்னது சரி. அந்த ஐந்து போல்ட் பக்கம் 1.8 மிமீ நுழைகிறது. எதிர்ப் பக்கம் 0.2கூட நுழையவில்லை.

லேத் செஞ்சை, மதியம் 2:52
அப்படியானால் முதலில் வெல்டு, அப்புறம் லேத்தில் முகம் எடுப்பது, அதாவது வளையத்தின் மேற்பரப்பைச் சீவித் தட்டையாக்குவது. வரிசையை மாற்றாதீர்கள், முகம் எடுத்த பிறகு வெல்டு வைத்தால் மறுபடி வளையும். 8 மிமீ வளையம் என்பதால் 1.8 போனாலும் 6க்கு மேல் மிஞ்சும். வளையத்தில் பீட் உட்காரப் படி எடுத்திருக்கிறதா? படி இல்லாவிட்டால் டயர் மையத்தில் உட்காராமல் குதிக்கும். இருந்தால், முகம் எடுத்த அளவுக்குப் படியையும் இறக்கச் சொல்லுங்கள்.

துவாக்குடி வெல்டர், மதியம் 3:05
வெல்டு வைக்கும்போது வெளி வளையத்தைப் பழைய போல்ட்டில் மாட்டி இறுக்கிக்கொள்ளுங்கள், வளைவு குறையும். 40 மிமீ வைத்தால் அதற்கு நேர் எதிரில் 40. கை வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு அடுத்தது. மீதி இரண்டு வீலுக்கும் இதேதான்.

பழைய தடம், மாலை 4:20
ஒன்றை யாரும் சொல்லவில்லை. இந்த வீலோடு ரோட்டில் ஓட்டாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவைப் படியுங்கள், ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. அதைவிட, உங்கள் வெல்டு உடைந்தால் எதிரே வருகிறவர் என்ன பாவம் செய்தார்? சாதா வீலில் கண்மாய்க்குப் போய் அங்கே மாற்றுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் 24 போல்ட்டையும் மறுபடி டார்க் பாருங்கள். ரப்பர் அமுங்கி போல்ட் இளகியிருக்கும்.

தேவகோட்டை ரஸ்தா, மாலை 4:31
இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். உள்பக்க பீட் சாதாரணமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, அதை எந்த போல்ட்டும் பிடிக்கவில்லை என்பதையும் தம்பி நினைவில் வைக்க வேண்டும். 6க்குக் கீழே இறக்க வேண்டாம்.

கோட்டையூர் ஜிப்ஸி, சனி இரவு 10:15
வெல்டு தோண்டி வைத்தாயிற்று, செஞ்சையில் முகம் எடுத்தாயிற்று, படியும் இறக்கியாயிற்று. மதியம் 2 மணிக்கு 15 பிஎஸ்ஐ, இப்போதும் 15. நாளைக்கு முன்பக்கம் மட்டும் இந்த இரண்டு. ரொம்ப நன்றி அண்ணே.

லேத் செஞ்சை, ஞாயிறு இரவு 8:40
போனதா தம்பி? போல்ட் எத்தனை இளகியிருந்தது?

துவாக்குடி வெல்டர், செவ்வாய் காலை 7:10
தம்பி, அந்தப் பின்பக்க வெல்டைப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்க. மண்ணைக் கழுவிவிட்டு எடுங்க.