சோபாவை இரண்டடி தள்ளினேன், பேஸ் வந்தது

எங்கள் வீட்டு ஹால் 14 அடி நீளம், 12 அடி அகலம். செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். போன வருடம் 10 அங்குல சப்வூஃபர் (பேஸ் என்கிற தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) ஒன்று வாங்கி டிவிக்குப் பக்கத்து மூலையில் வைத்தேன். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் பாடுகிறவருக்கு அடியில் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டே போகுமே, அதைக் கேட்கத்தான் வாங்கினேன். ஆனால் சில ஸ்வரம் 'டொம்'மென்று மோதியது, சில ஸ்வரம் வந்ததே தெரியவில்லை. கடையில் கேட்டதற்கு, 12 அங்குலத்துக்கு மாறுங்கள் என்றார்கள். பணம்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் (கேட்ட அதிர்வெண்ணில் ஒரே ஒலியை எழுப்புவது) போட்டு, ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, 30 ஹெர்ட்ஸில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றினேன். 41 வந்தது. கண்ணெதிரே சப்வூஃபரின் கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) ஆடுகிறது, சோபாவில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து பின்சுவர்ப் பக்கம் போனால், நெஞ்சை அழுத்துகிற அளவுக்கு பேஸ்! திரும்பி வந்து உட்கார்ந்தேன், மறுபடி காணோம்.

கணக்குப் போட்டதும் புரிந்தது. நம் ஊர்ச் சூட்டில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 14 அடி என்றால் 4.27 மீட்டர். 349-ஐ அதன் இரு மடங்கால் வகுத்தால் 41. அந்த அதிர்வெண்ணில் முன்சுவரையும் பின்சுவரையும் ஒட்டி அழுத்தம் உச்சத்தில் இருக்கும், நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. என் சோபா சரியாக நடுவில் கிடந்தது. 82 ஹெர்ட்ஸுக்கோ நடுவிலும் ஓர் உச்சம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் வருவது 41, அதற்கு ஒரு ஸ்தாயி மேலே 82. கீழ் ஸ்வரம் காணாமல் போய், மேல் ஸ்வரம் காதை அடைத்தது இதனால்தான். 15 அங்குலம் வாங்கியிருந்தாலும் இது மாறியிருக்காது.

சோபாவை இரண்டடி பின்னால் தள்ளினேன். இப்போது தலைக்கும் பின்சுவருக்கும் 5 அடி. அப்புறம் சப்வூஃபரைத் தூக்கி சோபா மேலேயே வைத்து, ஒரே பேஸ் பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாக முட்டி போட்டு நகர்ந்தேன். பழைய வழிதான். சப்வூஃபர் இங்கேயும் காது அங்கேயும் இருந்தாலும், இரண்டையும் இடம் மாற்றினாலும் அறை ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். கதவு மூலையில் எல்லாம் ஒரே கூழ். ஜன்னலுக்குக் கீழே, மூலையிலிருந்து நாலடி தள்ளி, ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே கனத்தில் வந்தது. சாக்பீஸால் குறி போட்டு, சப்வூஃபரை அங்கே வைத்தேன். கிராஸ்ஓவர், அதாவது ஸ்பீக்கரும் சப்வூஃபரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் அதிர்வெண், 80. அதே 80 ஹெர்ட்ஸ் டோனை ஸ்பீக்கரும் சப்வூஃபருமாகச் சேர்ந்து பாடவிட்டு, இரண்டின் அலையும் ஒத்துப்போக வைக்கும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 டிகிரி என்று மாற்றிப் பார்த்தேன். 180-இல் சத்தம் நன்றாக ஏறியது, அங்கேயே விட்டேன். வால்யூமை முன்பைவிடக் குறைத்தும் பேஸ் நிறைவாக இருக்கிறது.

---

உங்கள் பதிவைப் படித்தேன். என் வீட்டில் நான் செய்த தவறையும் எழுதிவிடுகிறேன். காணாமல் போன ஸ்வரத்தை ஈக்வலைசரில் (ஒவ்வொரு அதிர்வெண்ணின் சத்தத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்குவது) 10 டெசிபல் ஏற்றினேன். 10 டெசிபல் என்றால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். கோன் திணறியது, இருக்கையில் ஒரு மாற்றமும் இல்லை. அறை ஒலியை அழிக்கும் குழியை நிரப்ப முடியாது, அறை ஏற்றிவிடும் மேட்டை வெட்டலாம். 48 ஹெர்ட்ஸில் இருந்த மேட்டை வெட்டியபோது நல்ல பலன். சுவரில் ஒட்டிய ஓரங்குல ஃபோமும் பேஸுக்கு உதவவில்லை. 48 ஹெர்ட்ஸ் அலை ஏழு மீட்டருக்கு மேல் நீளம், ஓரங்குலம் அதை எப்படிப் பிடிக்கும்?

---

நானும் ஒன்று சொல்கிறேன். பாட்டே ஓடாதபோதும் சப்வூஃபரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால், முதலில் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். எனக்கு ஒரு மாதத் தலைவலி அது. கழற்றிய நொடியில் நின்றது.

---

என் பிரச்சினை வேறு. எங்கள் வீட்டில் மூன்று பேர் சேர்ந்து கேட்போம். எனக்கு நன்றாக இருந்தால் மனைவிக்கு இரைந்தது, மகளுக்கு வரவே இல்லை. ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் இருந்த டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு சப்வூஃபர் வைத்தாலே இருக்கைக்கு இருக்கை வரும் வித்தியாசம் நன்றாகக் குறையும் என்று காட்டியிருந்தார். பெரியதாக ஒன்று வாங்காமல் சின்னதாக இரண்டு வாங்கி, பக்கச் சுவர்களில் அப்படியே வைத்தேன். இப்போது மகள் தன் இடத்திலிருந்தே 'அப்பா, இந்த இடம் கேட்டீங்களா' என்கிறாள்.

---

முதலில் எழுதியவன்தான். 12 அங்குலத்துக்கு எடுத்து வைத்த பணம் அப்படியே இருக்கிறது. இரண்டாவதை வைக்கலாம் என்றால், எதிர்ச்சுவரின் நடுவில் பூஜை அலமாரி இருக்கிறது. அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.