புதுப்பிப்பு: வாளையாறு எல்லையும் நகர வளர்ச்சி மாதிரியும்

தேசிய நெடுஞ்சாலை 544 வழியே கோவையும் பாலக்காடும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுமா என்பதை நகர வளர்ச்சியைக் கணிக்கும் ஸ்லூத் (SLEUTH) என்ற கணினி மாதிரியைக் கொண்டு ஆராயப் போவதாக முன்பு எழுதியிருந்தேன். அப்போது எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த நண்பர் ஒருவர், "மாநில எல்லை கணினிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருந்தார். மிக நல்ல கேள்வி. இப்பதிவு பெரும்பாலும் அதற்கான விடையே.

கீத் கிளார்க் 1990-களில் உருவாக்கிய இம்மாதிரி நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படமானால் ஒரு கட்டத்தின் பக்கம் 30 மீட்டர். புதிதாக நகரமான கட்டம் அருகில் சாலை இருக்கிறதா என்று தேடும்; இருந்தால், அச்சாலை வழியே சற்றுத் தூரம் நகர்ந்து, அதன் ஓரத்தில் இன்னொரு கட்டத்தை நகரமாக்கும். சரிவு மிகுந்த மலைப்பக்கம் நகரம் ஏறாது.

எல்லைக்கோடு அதற்குத் தானாகத் தெரியாது. நகரம் வளரக் கூடாத அல்லது வளர்வது கடினமான விலக்குப் பகுதிகளுக்கான வரைபட அடுக்கில் நாம்தான் தர வேண்டும். கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் இரு மாநில எல்லையிலுள்ள வாளையாற்றுக்கு மேற்கே, கேரளப் பக்கம் மட்டுமே செல்லும் என்பதால், அங்குள்ள வயல்கள் எளிதில் நகரமாகாதபடி அவற்றுக்குத் தனி எடை கொடுத்திருக்கிறேன். முழுத்தடை கொடுக்கவில்லை, ஏனெனில் சட்டமே சில விலக்குகளை அனுமதிக்கிறது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது பாலக்காடு மாவட்டச் சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்பு வீடுகள்தான். ஓலை மறைப்பதால் செயற்கைக்கோள் படத்தில் அவை தோப்பாகவே பதிகின்றன. பழைய படங்களில் அவற்றைப் பிரித்தெடுக்காமல் அப்படங்களுக்குப் பொருந்துமாறு மாதிரியை அளவுதிருத்தினால் பாலக்காட்டுப் பக்க வளர்ச்சி குறைவாகவே தெரியும். ஆகவே முடிவு வரைபடத்தை இப்போது வெளியிடவில்லை.