கிரெடிட் கார்டு ரிவார்டு புள்ளிகளால் நமக்கு உண்மையில் லாபம் உண்டா?

தாமிரபரணிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மூன்று ஆண்டுகளாக ஒரு கிரெடிட் கார்டு வைத்திருக்கிறேன். மளிகை, பெட்ரோல், மின்கட்டணம், பிள்ளைகளின் புத்தகம் என்று மாதம் 20,000 ரூபாய் வரை அதில்தான் செலவாகிறது. பில் தொகையை ஒரு மாதம்கூடத் தவறாமல் முழுவதுமாகக் கட்டிவருகிறேன்.

சேர்ந்திருந்த 6,000 புள்ளிகளைச் சென்ற வாரம் பரிசுக் கூப்பனாக மாற்றினேன். புள்ளிக்கு 25 காசு வீதம் 1,500 ரூபாய்க்குக் கூப்பன் வந்தது. மாற்றித் தருவதற்கு மட்டும் 99 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடித்தார்கள். ஆண்டுக்கட்டணம் 499 ரூபாய், அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. பழைய பில்களையெல்லாம் எடுத்துவைத்துக் கூட்டிப் பார்த்தபோது, மூன்று ஆண்டில் கட்டணமாக நான் கொடுத்தது 1,883 ரூபாய் என்று தெரிந்தது. அதாவது, ஏழு லட்சம் ரூபாய் செலவழித்த பிறகு 383 ரூபாய் நட்டத்தில் நிற்கிறேன். உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர், 5 சதவீதம் கேஷ்பேக் தரும் வேறொரு கார்டை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். வாங்கலாமா, அல்லது கார்டே வேண்டாமென்று விட்டுவிடலாமா?

ஓய்வுபெற்ற காசாளர்

சகோதரி, நீங்கள் பில்களை எடுத்துவைத்துக் கூட்டிப் பார்த்தீர்களே, அதைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை. 100 ரூபாய்க்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு 25 காசு என்றால் உங்களுக்குக் கிடைப்பது கால் சதவீதம்தான். பெட்ரோலுக்கும் மின்கட்டணத்துக்கும் பல கார்டுகள் புள்ளியே தருவதில்லை என்பதால், உங்களுக்கு அதுவும் முழுதாக வந்திருக்காது. புள்ளிகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல், 100 ரூபாய் செலவுக்குக் கையில் வருவது எத்தனை காசு என்று மட்டும் பாருங்கள். 5 சதவீதம் என்ற விளம்பரத்துக்கும் இது பொருந்தும். அது பெரும்பாலும் குறிப்பிட்ட சில இணையக் கடைகளுக்கு மட்டுமே, அதுவும் மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்புடன் இருக்கும்.

ஆண்டுக்கட்டணம் இல்லாமல் எல்லாச் செலவுக்கும் 1 சதவீதம் தரும் கார்டு கிடைத்தால், மாதம் 20,000 ரூபாய்க்கு ஆண்டில் 2,400 ரூபாய் வரும். முழுத்தொகையையும் கட்டுபவருக்கு அது நியாயமான லாபம்தான். ஆனால் ஒரே ஒரு மாதம் கைமுடை வந்து, 20,000 ரூபாய் பில்லுக்குக் குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாயை மட்டும் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதிப் பணத்துக்குக் கடைசித் தேதியிலிருந்துதான் வட்டி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நீங்கள் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். மாதத்துக்கு மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு. அடுத்த மாதம் நீங்கள் மொத்தத்தையும் கட்டி முடிக்கும்போது, இந்தப் பில்லுக்கு மட்டும் ஏறத்தாழ 1,700 ரூபாய் வட்டியாகப் போயிருக்கும். பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாத நாள்கள் கிடையாது என்பதால், அந்த மாதச் செலவுக்கு இன்னும் 900 ரூபாய்க்கு மேல் சேரும். ஓராண்டுச் சேமிப்பு ஒரே தடவையில் கரைந்துவிடுகிறது.

இந்த வட்டி 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2008ல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டதால், இப்போது நமக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

விருதுநகர் மளிகை

ஐயா சொன்னது முழுக்க வாங்குபவர் பக்கத்துக் கணக்கு. நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன், அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். ஒருவர் 1,000 ரூபாய்க்குக் கிரெடிட் கார்டைத் தேய்த்தால், மறுநாள் என் கணக்கில் 980 ரூபாய் சொச்சம்தான் வரவாகிறது. அதே வாடிக்கையாளர் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் ஸ்கேன் செய்து அனுப்பினால் 1,000 ரூபாயும் முழுதாக வந்துவிடுகிறது, ஏனென்றால் 2020 ஜனவரி முதல் அதற்குக் கட்டணம் கிடையாது. பருப்பிலும் சர்க்கரையிலும் எனக்கு நிற்பதே மூன்று, நான்கு சதவீதம்தான். அதில் இரண்டு சதவீதம் போய்விட்டால், அந்த இழப்பை விலையில்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. அந்த விலையைக் கார்டே இல்லாமல் ரொக்கம் கொடுத்து வாங்கும் கூலித் தொழிலாளியும் கொடுக்கிறார் என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு போல நம் நாட்டுக்கென்றே உள்ள ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துச் சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரை செலுத்தினால் கடைக்காரருக்குப் பிடித்தம் இல்லை. கார்டு பயன்படுத்துவதென்று முடிவெடுத்தால், சகோதரி, எங்களைப் போன்ற கடைகளில் அந்த வழியில் செலுத்துங்கள்.

கோவை இளைஞன்

என் அனுபவத்தையும் சொல்கிறேன், அக்கா. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவழித்தால் ஆண்டுக்கட்டணம் தள்ளுபடி என்ற கார்டு என்னிடம் இருந்தது. சென்ற ஆண்டு கணக்கு முடிய பத்து நாள் இருக்கும்போது 6,000 ரூபாய் குறைந்தது. வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பரணில் ஏற்றிவிட்டுப் புதியது வாங்கினேன். 590 ரூபாய் மிச்சப்படுத்த 6,000 ரூபாய் செலவழித்திருக்கிறேன் என்பது, அம்மா அந்தப் பழைய மிக்ஸியைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கட்டிவைத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வட்டி கட்டாதவர்களையும் இந்தப் புள்ளிகள் இப்படித்தான் இழுக்கின்றன. இப்போது ஒவ்வொரு மாதமும், இந்தக் கார்டு இல்லாவிட்டாலும் இதை வாங்கியிருப்பேனா என்று பில்லின் ஒவ்வொரு வரியையும் பார்க்கிறேன்.

தாமிரபரணிக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. கட்டணம் பிடிக்கும் இந்தக் கார்டை மூடிவிட்டு, ஆண்டுக்கட்டணம் இல்லாத ரூபே கார்டு ஒன்றை மட்டும் வாங்க முடிவு செய்திருக்கிறேன். 5 சதவீதக் கார்டு வேண்டாம். அது சொல்லும் கடைகளில் நான் எதுவும் வாங்குவதில்லை. ஒரே ஒரு ஐயம். வாடிக்கையாளர் சேவைக்கு இருமுறை அழைத்தும், கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்களே தவிர மூட மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

ஓய்வுபெற்ற காசாளர்

பாக்கி ஒரு ரூபாய்கூட இல்லாமல் கட்டிவிட்டு, மின்னஞ்சலில் எழுத்து மூலமாகக் கேளுங்கள், சகோதரி. ரிசர்வ் வங்கி 2022ல் கொண்டுவந்த விதியின்படி, பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் மூடும் வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். அந்த விதியையும் மின்னஞ்சலில் குறிப்பிடுங்கள். புதிய கார்டுக்கு வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பும்போது, மொத்தத் தொகை, குறைந்தபட்சத் தொகை என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில்தான் குறியிட்டிருக்கிறீர்களா என்று கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.