பாத் நகரத்துக்கு 12 பேர், இரண்டு இரவு: மினிபஸ்ஸா, ரயிலா?

கிழக்குலண்டன்காரர்
ஈஸ்ட்ஹாமிலிருந்து அக்டோபரில் பாத் போவதாக முடிவு செய்திருக்கிறோம். 12 பேரும் பெரியவர்கள். இருவர் எழுபதைத் தாண்டியவர்கள், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி. வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப எண்ணம். 16 சீட் மினிபஸ் வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டினால் மலிவாக முடியுமா? ஒரே வீடாகப் பிடித்துச் சமைத்துச் சாப்பிடுவது சரிப்படுமா? ரோமானியர் கட்டிய குளத்தில் இறங்கிக் குளிக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளம்
மினிபஸ் வேண்டாம். முதலில் லைசென்ஸைப் பாருங்கள். சாதாரண கார் லைசென்ஸில் ஓட்டுநர் போக 8 பயணிகள் வரைதான். 16 சீட்டுக்கு லைசென்ஸில் டி1 என்ற மினிபஸ் பிரிவு வேண்டும். 1997 ஜனவரி 1க்குப் பிறகு கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு அது தானாக வராது. அடுத்தது, பாத்தின் நடுப்பகுதி 2021 முதல் தூய காற்று மண்டலம். சொந்தக் கார்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் யூரோ 6 என்ற புகைத் தரத்துக்குக் கீழே உள்ள டீசல் மினிபஸ்ஸுக்கு நாளொன்றுக்கு 9 பவுண்ட். நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை ஒரு நாள் கணக்கு. வெள்ளி இரவு 11 மணிக்கு உள்ளே போய் 12:30க்கும் ஓட்டிக்கொண்டிருந்தால் இரண்டு நாள் கட்டணம். நிறுத்த இடம் தேடி அலைவது தனி.

ரயிலில் பாடிங்டனிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம். பாத் ஸ்பா நிலையத்திலிருந்து நகர நடுவில் உள்ள அபே தேவாலயம்வரை சமதரை, பத்து நிமிடம்கூட ஆகாது. குரூப்சேவ் சலுகையில் 3 முதல் 9 பேர் வரை சேர்ந்து போனால் ஆஃப்-பீக் (நெரிசல் இல்லாத நேர) டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும், கார்டு எதுவும் தேவையில்லை. நீங்கள் 12 பேர் என்பதால் 6, 6 ஆக இரண்டு முறை எடுங்கள். ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டையையும் இதையும் ஒரே டிக்கெட்டில் சேர்க்க முடியாது. பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: இது சேர்ந்து பயணம் செய்பவர்களுக்கான டிக்கெட். ஒரு குழுவிலிருந்து யாராவது தனியாக முன்னே கிளம்பினால் சலுகை செல்லாமல் போகலாம்.

இன்னொன்று, வழியில் உள்ள டிட்காட் நிலையத்தில் டிக்கெட்டைப் பிரித்து, பாடிங்டன்–டிட்காட், டிட்காட்–பாத் என்று எடுத்தால் எவ்வளவு வருகிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் குறையும். இறங்கி ஏற வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் ஏறும் ரயில் டிட்காட்டில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்பு வேலைக்காகப் பாதையை மூடிப் பஸ் விடுவார்கள், தேதியை உறுதி செய்யும் முன் அதையும் பார்த்துவிடுங்கள்.

மேட்டுத்தெரு
வீடு பற்றி. படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். நகரின் நடுவில் வாடகைக்குக் கிடைக்கும் பெரிய வீடுகளில் பல ஜார்ஜியன் காலத்தவை (பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டு): சமையலறை நிலவறையில், வரவேற்பறை தெருமட்டத்தில், படுக்கையறைகள் மேலே மூன்று மாடிகளில். பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்பதால் லிஃப்ட் இருப்பது அபூர்வம். முழங்கால் வலியுள்ளவர் காபி குடிக்க இரண்டு மாடி இறங்க வேண்டியிருக்கும். "எத்தனை அறை" என்று கேட்பதை விட, "தெருமட்டத்தில் படுக்கையும் குளியலறையும் இருக்கிறதா, வாசலில் எத்தனை படி" என்று எழுதிக் கேளுங்கள். லான்ஸ்டவுன் ரோடு பக்கம் வேண்டாம், ஏற்றம் கடுமை. மூட்டைமுடிச்சோடு ஏறுவதற்குள் எல்லாருக்கும் சலித்துவிடும்.

நாளை மாற்ற முடிந்தால் ஞாயிறு–செவ்வாய் போங்கள். வார இறுதியில் பல இடங்களில் குறைந்தது இரண்டு இரவு கேட்பார்கள், விலையும் ஏறும். ரெக்ரியேஷன் மைதானத்தில் ரக்பி ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை என்றால் இன்னும் மோசம்.

கிழக்குலண்டன்காரர்
ஞாயிறு–செவ்வாய் எங்களுக்கும் தோதுதான். குளம் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

வெந்நீரூற்று
ரோமன் குளத்தில் இறங்கக் கூடாது, கையையும் வைக்கக் கூடாது. அது சுத்திகரிக்காத நீர். 1978இல் அந்த ஊற்றுநீரில் நீந்திய ஒரு சிறுமி அமீபா தொற்றால் இறந்த பிறகு குளிப்பதை நிறுத்திவிட்டார்கள். குளத்தின் பச்சை நிறத்துக்குக் காரணம் பாசி. ரோமானியர் காலத்தில் கூரை இருந்தது, இப்போது வெயில் நேரே விழுகிறது. ஆனால் அவசியம் பார்க்க வேண்டிய இடம். 46 டிகிரி வெந்நீர் நாளொன்றுக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல் ஊறுகிறது. அந்த நீர் வழிந்தோடும் வளைவின் முன் கொஞ்சம் நில்லுங்கள்: கல் முழுக்க இரும்புச்சத்து படிந்து செம்மஞ்சளாக இருக்கும், ஆவி முகத்தில் அடிக்கும். கூட்டம் குளத்தடியிலேயே படம் எடுத்துக்கொண்டு இதைக் கவனிக்காமல் போய்விடும்.

நேரம் குறித்த டிக்கெட், காலை முதல் நேரத்தை எடுங்கள். வார நாளில் விலையும் குறைவு. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். லிஃப்ட் உண்டு. ஆனால் குளத்தைச் சுற்றியுள்ள தளம் பழைய ரோமானியக் கல், மேடுபள்ளம், ஈரத்தில் வழுக்கும். பெரியவர்களுக்கு ரப்பர் அடிச் செருப்பு.

குளிக்க 2006இல் திறந்த தெர்மே பாத் ஸ்பா இருக்கிறது. அதே ஊற்றுநீரைச் சுத்திகரித்து, ஆற்றி விடுகிறார்கள், மொட்டைமாடியிலேயே குளம். நீச்சலுடை கட்டாயம். பொழுது சாயும் நேரம்தான் அருமை, அதனால் அதுதான் முதலில் தீரும். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து இதை முதலில் பதியுங்கள், மற்றதை அதைச் சுற்றி அமையுங்கள்.

மேட்டுத்தெரு
பிறை வடிவில் வரிசையாக வீடுகள் கட்டிய ராயல் கிரசென்ட்டுக்கு அபேயிலிருந்து ஏறி நடக்கிறவர்கள்தான் அதிகம். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். பெரியவர்களை டாக்சியில் மேலே அனுப்பிவிட்டு, பிராக் ஸ்ட்ரீட், சர்க்கஸ் (வட்டமாக வீடுகள் சூழ்ந்த இடம்), கே ஸ்ட்ரீட், குயின் ஸ்கொயர் என்று எல்லாரும் இறங்கி வாருங்கள். கே ஸ்ட்ரீட் இறக்கம் முழங்காலுக்கு ஆகாது, அங்கே மட்டும் அவருக்கு மறுபடி டாக்சி. கிரசென்ட்டின் 30 வீடுகளுக்கும் முகப்பு ஒன்றுபோல இருக்கும். பின்பக்கச் சந்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள்: முகப்பு மட்டும்தான் ஒரே திட்டம், உள்ளே வாங்கியவர் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டார், அதனால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி.

நடக்க முடிந்தவர்களுக்கு, மேயரின் கௌரவ வழிகாட்டிகள் ரோமன் குளத்தை ஒட்டிய பழைய தேநீர்க் கூடமான பம்ப் ரூம் வாசலிலிருந்து இரண்டு மணி நேரம் இலவசமாகக் கூட்டிப் போகிறார்கள். டிப்ஸ் நீட்டாதீர்கள், வாங்க மாட்டார்கள். அபே கோபுரம் 212 படி, சுழல்படி. அந்த நேரம் பெரியவர்கள் இருவரும் பம்ப் ரூமில் உட்கார்ந்து தேநீர் குடிக்கட்டும்.