நியூரோபேத்தாலஜி: ‘நரம்பு நோயியல்’ என்ற சொல் போதுமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மூளை, தண்டுவடம், நரம்பு ஆகியவற்றின் திசுக்களை ஆய்வகத்தில் ஆராய்ந்து நோயை அறியும் மருத்துவத் துறையான ‘நியூரோபேத்தாலஜி’ என்பதை ‘நரம்பு நோயியல்’ என்று எழுதிவிடலாம், இதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்று விருத்தாசலம் ஆசிரியர் ஐயா சென்ற வாரம் நம் கலைச்சொல் குழுவில் எழுதியிருந்தார்கள். ஐயாவை மறுத்து எழுத எனக்குத் தமிழ்ப் புலமை ஏதும் துணையில்லை. கடலூரிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிப் புதுச்சேரிக்குப் போய், ஒரு மருத்துவமனையின் திசு ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் மெழுகுக் கட்டிகளைச் சீவிக்கொண்டிருந்தவன் என்ற அளவில்தான் எழுதுகிறேன்.

இந்த ஐயம் எனக்கு அகராதியைப் புரட்டும்போது வரவில்லை. நெல்லிக்குப்பத்தில் என் சித்தப்பா மகனுக்குத் தலையில் கட்டி எடுத்தார்கள். பத்து நாள் கழித்து வந்த அறிக்கையில் கையொப்பத்துக்குக் கீழே ‘நியூரோபேத்தாலஜிஸ்ட்’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டுச் சித்தி, “இவரும் நரம்பு டாக்டர்தானா? போய்ப் பார்த்தால் மருந்து எழுதித் தருவாரா?” என்று கேட்டார். அவர் நோயாளிகளைப் பார்க்க மாட்டார் என்றேன். “நோயாளியைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்?” என்றார். அந்தக் கேள்விக்கு விடை சொல்கிற சொல்தான் நமக்கு வேண்டும் என்பது என் கருத்து.

‘நரம்பு நோயியல்’ விடை சொல்லவில்லை என்பதோடு, வாசகரை வேறிடத்துக்கும் அழைத்துப் போகிறது. இத்தொடரை ‘நரம்பு + நோயியல்’ என்று பிரிப்பவரைவிட ‘நரம்பு நோய் + இயல்’ என்று பிரிப்பவரே மிகுதியாக இருப்பர். ஏனெனில் ‘நரம்பு நோய்’ என்பது, நீரிழிவால் பாதம் மரத்துப் போவதைச் சொல்ல, அதாவது நியூரோபதியைச் சொல்ல, நாம் ஏற்கெனவே பயன்படுத்தி வரும் தொடர். பொது வழக்கிலோ நரம்பு இன்னும் அகன்றது. ‘நரம்பு ஊசி’ என்றால் சிரையில் ஏற்றும் ஊசி. கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டாலும் நரம்பு இழுத்துக்கொண்டது என்கிறோம். பேருந்து நிலையச் சுவர்களில் எழுதியிருக்கும் ‘நரம்புத் தளர்ச்சி’யை நான் விளக்க வேண்டியதில்லை. இதில் நம் சொல்லை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. கிரேக்கர்களின் ‘நியூரான்’ என்ற சொல்லும் முதலில் தசைநாணையும் வில்நாணையுமே குறித்தது. யாழுக்குக் கட்டிய தந்திக்கும் அவர்கள் அச்சொல்லையே ஆண்டனர், நம் முன்னோர் நரம்பை ஆண்டது போலவே. ஆகவே நரம்பு இருக்கட்டும். அதன் பக்கத்தில் இன்னொரு சொல் தேவை.

அந்த மருத்துவர் எதைப் பார்க்கிறார் என்பதை நான் கண்ட அளவில் சொல்கிறேன். இறந்தவரின் தலையிலிருந்து எடுத்த மூளை ஏறக்குறைய 1300 முதல் 1400 கிராம் இருக்கும். இளநீர் வழுக்கையைப் போல, கத்தி வைத்தால் குழையும். அதனால் அதை உடனே வெட்டுவது அரிது. மூளையின் அடியில் ஓடும் தமனிக்குக் கீழே ஒரு நூலைக் கோத்து, திசுவை அழுகாமல் இறுகச் செய்யும் பார்மலின் நிறைந்த வாளியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, இரண்டு வாரம் விட்டுவிடுவோம். வாளியின் தரையில் வைத்துவிட்டால் ஒரு பக்கம் சப்பையாகிவிடும். பிறகு அந்தச் சப்பை நோயால் வந்ததா வாளியால் வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. வெளியே எடுக்கும்போது பாலில் செய்த பன்னீர்க் கட்டியைப் போல இறுகியிருக்கும். மருத்துவர் அதை எடைபோட்டு, கைகளில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்: மேடுகள் வீங்கித் தட்டையாகியுள்ளனவா, அடிப்புறத்துக் குழாய்கள் தடித்துள்ளனவா, எங்கேனும் சீழ் படிந்துள்ளதா. பின்னர் நீண்ட கத்தியால் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கி, துண்டங்களைத் தட்டில் வரிசை மாறாமல் பரப்புவார். நடுமூளையில் கருப்புக் கோடாகத் தெரிய வேண்டிய பகுதி வெளுத்திருந்தால், பார்க்கின்சன் நோயோ என்ற ஐயம் அங்கேயே எழும். அதுவரை உருப்பெருக்கிக்கு வேலையே இல்லை.

அதன்பின் எங்கள் வேலை தொடங்கும். அஞ்சல்தலை அளவுக்கு எடுத்த துண்டுகளிலிருந்து நீரை நீக்கி, உருகிய பாரபின் மெழுகில் ஊறவைத்து, கட்டியாக வார்த்து, மைக்ரோடோம் என்னும் சீவும் கருவியில் பூட்டிச் சக்கரத்தைச் சுழற்றினால், 5 மைக்ரான் அளவில், அதாவது தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கனத்தில், சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிய நாடாவாக இறங்கும். அந்த நாடாவை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கி விரியும். கண்ணாடித் தகட்டை நீருக்குள் சாய்த்து அதை ஏந்தி எடுப்போம். மின்விசிறியைப் போட்டுக்கொண்டு இதைச் செய்ய முடியாது. அக்னி நட்சத்திரக் காலத்திலும் அப்படித்தான். ‘செக்ஷன்’ என்பதற்கு நம் பட்டியலில் ‘வெட்டுமுகம்’ என்று போட்டிருக்கிறார்கள். வெட்டிய முகம் வேறு, சீவிய ஏடு வேறு. வெற்றிலையோடு போடும் பாக்குச் சீவலை அறிந்த எவருக்கும் ‘சீவல்’ புரியும். ஆய்வகத்தில் நாங்கள் தமிழில் சொன்னதும் அதுதான்.

சீவலுக்குச் சாயம் ஏற்றியபின்தான் உருப்பெருக்கி. வழக்கமான சாயத்தில் உயிரணுவின் கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். வெள்ளிச் சாயத்தில், நரம்பணுவிலிருந்து நீளும் நரம்பிழைகள் கருத்துத் தெரியும். 1906இல், மறதி நோய்க்குத் தம் பெயரைத் தந்த ஜெர்மன் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், பிராங்க்பர்ட்டில் இறந்த ஒரு பெண்ணின் மூளையைத் தருவித்து, வெள்ளிச் சாயமேற்றிய சீவலில்தான் உயிரணுக்களுக்குள் முறுக்கிக் கிடந்த நார்க்கற்றைகளைக் கண்டார். அந்த முறுக்குகளில் இருப்பது ‘டாவ்’ என்னும் புரதம் என்பதால், இன்று அதை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) ஊற்றி நிறமேற்றுகிறார்கள். வெறிநாய்க்கடியால் இறந்தவரின் மூளை உயிரணுக்களில் தெரியும் சிறு உருண்டைகளை 1903இல் இத்தாலிய மருத்துவர் நெக்ரி விவரித்ததும் இதே வழியில்தான். இறந்தவர் மட்டுமல்லர், என் தம்பிக்குக் கட்டி எடுத்தபோது, மண்டையோடு திறந்திருக்கையிலேயே ஒரு துணுக்கு ஆய்வகத்துக்கு வந்திருக்கும். அதைக் கண்ணாடிகளுக்கிடையே நசுக்கித் தேய்த்துச் சாயமிட்டு, என்ன வகைக் கட்டி என்று அரைமணிக்குள் அறுவை அறைக்குச் சொல்லிவிடுவார்கள்.

வாளியிலும் தட்டிலும் கண்ணாடியிலும் அவர் பார்ப்பது திசு. ஆகவே ‘நரம்புத்திசு நோயியல்’ என்றும், அதில் வல்லவரை ‘நரம்புத்திசு நோயியலர்’ என்றும் எழுதலாம் என முன்மொழிகிறேன்.

குழுவில் வந்த மற்றச் சொற்களையும் நிறுத்துப் பார்த்தேன். ‘மூளை நோயியல்’ எளியது. ஆனால் தண்டுவடமும் கைகால் நரம்புத் துணுக்குகளும் இதே மருத்துவரிடம்தான் வருகின்றன. நெய்வேலி நண்பர் தந்த ‘நோய்த்தடயவியல்’ அழகானது, எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எனினும் தடயவியல் என்றதும் காவல் நிலையமும் கைரேகையும் முன்னே வந்து நின்றுவிடுகின்றன. யாழ்ப்பாணத் தோழர் ‘நரம்பிழைய நோயியல்’ என்றார். இழையம் திசுவைவிட நல்ல தமிழ் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் நரம்பிழை என்று தனியே ஒரு பொருள் இருக்கும் இத்துறையில் நரம்பிழையம் என்று இன்னொன்று வந்தால், அச்சுக்கோப்பவர் ஒரு யகரத்தை விட்ட அளவில் பொருள் மாறிவிடும்.

திசு என்றாலே உருப்பெருக்கியின் பொருள், முழு மூளையை வெறுங்கண்ணால் பார்ப்பதை அது அடக்காது என்ற தடை ஒன்று உண்டு. திசு என்பது ‘நெய்தது’ என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து கிளைத்து நமக்கு வந்தது. அதை உடற்கூற்றியலில் நிலைநிறுத்தியவர் பாரிஸ் மருத்துவர் சேவியர் பிஷா. உருப்பெருக்கியை நம்பாதவர் அவர். அறுத்தும் உலர்த்தியும் கொதிக்கவைத்தும் அமிலத்தில் இட்டும், வெறுங்கண்ணாலேயே 21 வகைத் திசுக்களைப் பிரித்து 1801இல் எழுதினார். மறு ஆண்டே இறந்துபோனார். திசு பிறந்தது வெறுங்கண்ணில்தான். அந்நூல் வந்து இருபத்திரண்டு ஆண்டுகளில், 1823இல், புதுச்சேரியில் பிரெஞ்சு மருத்துவப் பள்ளி தொடங்கியது. பின்னாளில் ஜிப்மராக வளர்ந்தது அதுவே. நெசவாலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த ஊரில் நெய்ததை அயற்சொல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து

*

மறுமொழி: விருத்தாசலத்திலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

பிரித்துப் படிப்பதில் உள்ள இடர்ப்பாட்டை நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பேத்தாலஜிக்கு ‘நோய்க்குறியியல்’ என்ற வழக்கைத் தாங்கள் தொடாமல் விட்டதும் நன்று, அது அறிகுறிகளைப் பற்றிய படிப்பு என்றே மயங்க வைக்கிறது. ஆனால் ஒரு வினா. விபத்தில் அடிபட்ட மூளையையும் இவர்களே ஆராய்கின்றனர் என்று முன்னொரு மடலில் எழுதியிருந்தீர்கள். அடி நோயாகுமா? நோயியல் என்ற சொல் காயத்தைத் தாங்குமா? அத்துடன், மண்டையில் ஒருபுறம் அடிபட மறுபுறம் மூளை காயப்படுவதைப் பட்டியலில் ‘எதிர்த்தாக்குதல்’ என்று கண்டேன். போர்ச் செய்தி படிப்பது போல் இருந்தது.

*

மறுமொழி: மஞ்சக்குப்பத்திலிருந்து

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

எதிர்த்தாக்குதலைக் கண்டு நானும் சிரித்தேன். மூலம் ‘கோந்த்ரகூ’ என்னும் பிரெஞ்சுத் தொடர். பின்புறமாக விழுந்து பிடரி தரையில் மோதியவருக்கு, மோதிய இடத்தைவிட, நெற்றிப்புற மூளையின் அடியிலும் பொட்டுப்புற மூளையின் முனையிலும் காயம் மிகுந்திருக்கும். அசையாதிருந்த தலையில் தடி விழுந்தால், தடி விழுந்த இடத்தின் கீழேதான் பெரும்பாலும் காயம். விழுந்தாரா அடிக்கப்பட்டாரா என்ற கேள்விக்கு இந்த வேறுபாடு உதவுவதால், சொல்லில் இடம் தெளிவாகத் தெரிய வேண்டும். அடிபட்டு இரத்தம் கட்டியதைக் கன்றிப்போயிற்று என்று நாம் சொல்வதால், மூளைக் காயத்தைக் ‘கன்றல்’ என்றும், இதை ‘எதிர்ப்புறக் கன்றல்’ என்றும் எழுதலாம்.

அடி ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது, திசுவுக்குள் அது முடிவதில்லை. 1956இல் சபீனா ஸ்ட்ரிச் என்ற மருத்துவர், தலையில் அடிபட்டபின் அறிவு மங்கி மாதக்கணக்கில் கிடந்து இறந்தவர்களின் மூளைகளைச் சீவிப் பார்த்து, மூளையின் உட்பகுதியான வெண்பொருளின் நரம்பிழைகள் பரவலாகச் சிதைந்திருந்ததை எழுதினார். இழையின் வழியே ஓடிக்கொண்டிருக்கும் புரதம், அறுந்த இடத்தில் வந்து தேங்கும். எதிர்ப்பொருள் நிறமேற்றினால் அந்தத் தேக்கம் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே தெரியும். வெள்ளிச் சாயத்தில் தெரிய அரைநாளுக்கு மேலாகும். அடிபட்டு எவ்வளவு நேரம் உயிரோடிருந்தார் என்பதைக்கூட இதைக்கொண்டு ஓரளவு கணிக்கிறார்கள். ஒரு நோயைப் போலவே தொடக்கமும் வளர்ச்சியும் தழும்பும் காயத்துக்கும் இருப்பதால், நோயியல் அதைத் தாங்கும் என்றே நினைக்கிறேன். நோயாலோ காயத்தாலோ திசு பழுதுபட்ட இடத்தைக் குறிக்கும் ‘லீஷன்’ என்பதற்குத்தான் இன்னும் சரியான சொல் கைகூடவில்லை; ‘சிதைவிடம்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

நேற்று நெல்லிக்குப்பம் போயிருந்தபோது ‘நரம்புத்திசு நோயியலர்’ என்று சித்தியிடம் சொல்லிப் பார்த்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியென்றால் அவன் தலையிலிருந்து எடுத்தது இன்னமும் அவரிடம்தான் இருக்கிறதா?” என்று கேட்டார். இருக்கிறது, மெழுகுக் கட்டிக்குள், மேலே எண் எழுதி, பல ஆண்டுகள் வைத்திருப்பார்கள் என்றேன்.