பாண்டியன் செத்தப்புறமும் கண்ணகி ஊரை ஏன் எரிக்கணும்?

அல்சூர்வாசி
பெங்களூர்ல அல்சூர் ஏரி பக்கம் நாங்க அஞ்சாறு பேர் ஞாயித்துக்கிழமை காலைல உக்காந்து சிலப்பதிகாரம் படிக்கிறோம், போன வாரம் கண்ணகி சபதம் போட்டு மதுரைய எரிக்கிற வஞ்சின மாலைங்கிற பகுதி வந்துச்சு, அன்னைலருந்து மனசே சரியில்ல. "யானோ அரசன் யானே கள்வன்"னு ஒத்துக்கிட்டு பாண்டியன் அங்கேயே விழுந்து செத்துட்டான். அதுக்கப்புறமும் அவன் தேவியப் பாத்து "ஒட்டேன் அரசோடு ஒழிப்பேன் மதுரையும்"னு இவ சொல்றா. தப்பு பண்ணவன் உயிரையே குடுத்தாச்சே, ஊர் என்ன பண்ணுச்சு? இது நீதியா, பழிவாங்கலா?

கூத்துப்பிரியன்
அந்தத் தீ கண்மூடித்தனமா போகலங்க. அக்னியே வந்து யார யார விடணும்னு கேக்குறான், பார்ப்பார், அறவோர், பசு, பத்தினி, மூத்தோர், குழந்தைங்கள விட்டுட்டு தீத்திறத்தார், அதாவது கெட்டவங்க பக்கம் போன்னு இவ சொல்றா. என்னைப் பொறுத்தவரை அது தீர்ப்பு. ஒரு தட்டான் பேச்சைக் கேட்டு, விசாரணையே இல்லாம "கொன்று அச்சிலம்பு கொணர்க"ன்னு ஒரே வரில முடிச்சாரே ராஜா, அவரவிட இவ எவ்வளவோ யோசிச்சிருக்கா.

நகரத்பேட்டை பையன்
எங்க வீட்ல மூணு தலைமுறையா நகை வேலைதான், பட்டறைலதான் நான் வளர்ந்தேன், அதனால எனக்கு உறுத்துறது வேற இடம். காப்பியத்தோட முன்னாடி உரைபெறு கட்டுரைன்னு ஒண்ணு வருதே, அதுல பாண்டிய நாட்டுல மழையில்லாம பஞ்சமும் நோயும் வந்துச்சுன்னு கொற்கைல இருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்னு கண்ணகிக்கு களவேள்வி, அதாவது உயிர்ப்பலி குடுக்கிற வேள்வி பண்றான், அப்புறம் மழை வருது. சிலம்பத் திருடினது ஒருத்தன் சார், செத்தது ஆயிரம் பேர். மதுரை எரிஞ்சத எல்லாரும் மேடைல பேசுறாங்க, இந்த ஆயிரம் பேரைப் பத்தி ஒருத்தர் பேசி நான் கேட்டதில்ல, பழிவாங்கல்னு சொல்லணும்னா அது இதுதான், அதுவும் கண்ணகி கேக்காமலே அவ பேர்ல நடந்தது.

திகளரபேட்டை அக்கா
தம்பி சொன்னது நெஞ்சுல தைக்குது. கேக்காமலே நடந்ததுன்னு நானும் நினைக்கிறேன், ஏன்னா கடைசியா வர்ற வஞ்சிக் காண்டத்துல வாழ்த்துக் காதைல தெய்வமா வந்து அவளே பேசுறா, "தென்னவன் தீதிலன்"னு. அதோட நிக்கல, "நான் அவன்தன் மகள்"ங்கிறா. புருஷனக் கொன்னவன அப்பான்னு சொல்ற மனசு அவளுக்கு வந்துடுச்சு, ராஜாக்களுக்குத்தான் வரல. இங்க திரௌபதிக்கு எடுக்கிற கரகத் திருவிழா வரப்போ தர்மராயர் கோயில் வாசல்ல ராத்திரி முழுக்க நின்னு பாப்பேன், திரௌபதியக் கும்பிட்டுட்டு இருக்கிறப்போ கண்ணகி ஞாபகமும் வரும், ரெண்டு பேரையும் கோவத்தோட விட்டுடாம சாமியாக்கித்தான் சனங்க வச்சிருக்காங்க.

அல்சூர்வாசி
அக்கா, நாங்க மதுரைக் காண்டத்தோட நிறுத்திடலாம்னு இருந்தோம், வஞ்சி வெறும் போர்க்கதைன்னு நினைச்சுட்டோம். இந்த ஞாயிறு முதல்ல உரைபெறு கட்டுரை, அப்புறம் வாழ்த்துக் காதை. நகரத்பேட்டை தம்பி, நீங்க வந்து அந்த ஆயிரம் பேர் வரிய உங்க வாயால படிக்கணும், ஏழரைக்கு ஏரிக்கரைல இருப்போம்.